நகத்தக்கா

மீன் ஆலையில் வேலை பார்க்கிற பெண்களின் கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையுறை போட்டுக்கொள்கிறோம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். காலைப் பார்க்க வேண்டும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், உள்ளே காலுறை. வெட்டுமேசையிலிருந்து வழிகிற பனிக்கட்டித் தண்ணீர் எப்படியாவது வழி கண்டுபிடித்து உள்ளே இறங்கிவிடும். காலையில் நனைந்த கால் சாயங்காலம்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். அப்படியே சில வருஷம் போனால் நகம் மஞ்சளாகும், தடிக்கும், ஓரத்தில் சுண்ணாம்பு போலப் பொடிந்து உதிரும். எங்களில் யாருக்கும் அது ஒரு நோய் என்றே தோன்றியதில்லை. வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது, வேலை இருக்கிறவரைக்கும் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் எல்லோரையும்விட மோசமான கால் அவளுக்கு. பின்னாளில்தான் நாங்கள் அவளை நகத்தக்கா என்று கூப்பிட ஆரம்பித்தோம். எனக்கு எதிர் மேசை. நெட்டையான உடம்பு, அளந்து பேசுகிற வாய். வாயைத் திறந்தால் எதிராளி மறுநாள் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணவன் வேலை தேடி வெளியூர் போனவன், போனவன் போனவன்தான். பிள்ளை இல்லை. ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். அறைக்கு ஒரு சன்னல். அதைத் திறந்தால் கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கை. வயதில் ரொம்பச் சின்னவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குச் சட்டம் மாட்டிப் பார்த்து, “உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு” என்று சொல்லி விற்கிற வேலை என்பதால் அவளும் எப்போதும் எடுப்பாகத்தான் இருப்பாள். கால் நகத்தில்கூடச் சிவப்புச் சாயம் உரிந்து யாரும் பார்த்ததில்லை. கணவன் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கிறவர். ஒரே மகள்.

அந்த மகளின் பிறந்தநாளுக்குத்தான் எல்லாம் தொடங்கியது. வீட்டுக்குள் யாரும் செருப்போடு வரவில்லை. வந்திருந்த குழந்தைகளில் ஒன்று அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “அம்மா, இந்தப் பாட்டி கால்ல என்ன ஒட்டியிருக்கு?” என்று கேட்டது. எல்லோரும் ஒருசேரக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருசேர வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் இன்னும் மோசம். அவள் கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கேக் வெட்டுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தங்கை பேருந்து நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“அழுதியாக்கா?”

“பாட்டின்னு சொல்லிடுச்சேன்னுதான் அழுகை. நகத்துக்கு யாராவது அழுவாங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், நகவெட்டியும், அரமும், துண்டுமாக மாடியேறி வந்தாள். வெந்நீரில் உப்புப் போட்டு அக்காவின் காலைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயையோ, என் காலை நீ தொடாதே!”

“சும்மா இரு. எனக்கு மூக்குச் சிந்தி விட்டது யாரு? அதைவிடவா இது?”

நகவெட்டி அந்தக் கட்டைவிரல் நகத்தைக் கடிக்கப் பார்த்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டது. “இதுக்கு நான் மருந்துக்கடைக்குப் போயிருக்கக் கூடாது, இரும்புக்கடைக்குப் போயிருக்கணும்” என்றாள் தங்கை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர, சிரித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் ஒரு சின்னப் புட்டியில் பூச்சு மருந்து கொடுத்தார். “இது பூஞ்சை. மருந்து பாதிதான் வேலை செய்யும். மீதி நீங்க ஈரத்தை எப்படிப் போக்குறீங்கங்கிறதுல இருக்கு. கட்டைவிரல் நகம் முழுசா மாற ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். பொறுமை இருக்கா?” என்று கேட்டார்.

பொறுமை இருந்தது. வேலையில் காட்டுகிற அதே பிடிவாதத்தை அவள் நகத்தில் காட்டினாள். மத்தியான இடைவேளையில் காலைத் துடைத்து வேறு காலுறை மாற்றினாள். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, சன்னலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்தாள். குளித்ததும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துடைத்தாள். நகத்தை ஊறவைத்து, மேலே தடித்திருப்பதை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, பிறகு மருந்து தொட்டாள். ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் குத்தும் என்று நேராக வெட்டினாள். கெட்ட நகத்துக்கு ஒரு அரம், நல்ல நகத்துக்கு வேறு அரம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. “கல்லுக்கு எண்ணெய் தேய்க்கிற கதைதான்” என்று நாங்கள் கேலி செய்தோம். பிறகு ஒருநாள் உடைமாற்றும் அறையில் காலுறையைக் கழற்றிவிட்டு, “இங்க வாங்கடி” என்றாள். நகத்தின் அடியில், சதையிலிருந்து புதிதாக ஒரு பிறை எட்டிப் பார்த்தது. இளஞ்சிவப்பு. மெல்லிசு. எங்கள் காலில் அப்படி ஒரு நிறம் வருமென்றே மறந்து போயிருந்தோம். மாதக் கணக்கில் அந்தப் பிறை மஞ்சளை முன்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒருநாள் மஞ்சளே இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் விடுவோமா? இடைவேளையில் அலமாரிகளுக்குப் பக்கத்து பெஞ்சில் வரிசை நின்றது. மேற்பார்வையாளர் வந்து, “இது மீன் ஆலையா, அழகு நிலையமா?” என்று கத்தினார். “பூட்ஸைக் கழட்டுங்க சார், உங்களுக்கும் பார்த்துடலாம்” என்றாள் அவள். அந்த ஆள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இடைவேளை போதாமல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாங்கள் மாடியேற ஆரம்பித்தோம். நகத்தக்கா என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்பு அக்கா தங்கைக்கு என்று இருந்த நாள். அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அப்படி அவர்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு ஞாயிறு. தங்கையின் பழைய சாயத்தை அக்கா பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கால் கட்டைவிரல் நகத்தில், அடியிலிருந்து நுனி வரைக்கும், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு.

“இது என்னடி?”

“எங்கயாவது இடிச்சிருப்பேன். கடையில கண்ணாடிப் பெட்டியெல்லாம் நகர்த்திப் போட்டோம்ல.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்ப ரத்தக்கட்டுதான். நகம் வளர வளர முன்னால போயிடும். எங்க பேக்கிங்ல ஒருத்திக்குப் பெட்டி விழுந்து நகமே கறுத்துப்போச்சு. இப்ப பளிச்சுனு இருக்கு.”

“நீ சொன்னா சரி” என்றாள் தங்கை. அதன்மேல் சிவப்பு ஏறியது. நகம் மறுபடி எடுப்பாகிவிட்டது.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ரத்தக்கட்டு என்றால் அப்படித்தான் ஆகும். அது ரத்தக்கட்டாக இருந்திருந்தால்.

அந்த வருஷம் ஆலையில் வேலை அதிகம். ஞாயிறுகளில் எங்கள் கால்கள். தங்கைக்கு மகளின் பரீட்சை, கணவனுக்கு ஊர் ஊராக வேலை. ஒருத்தரையொருத்தர் சந்திப்பது குறைந்தது. பார்த்தபோதெல்லாம் நகத்தில் சாயம் இருந்தது. அக்கா ஓரிரு முறை, “அந்தக் கோடு போயிடுச்சா?” என்று கேட்டாள். “போயிட்டே இருக்கு” என்றாள் தங்கை.

ஒருநாள் மாலை தங்கை படியேறி வந்தபோது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள். செருப்பு வார் பட்டு நகம் பிளந்துவிட்டதாம், நீர் வடிகிறதாம். அக்கா விளக்கடியில் உட்காரவைத்துச் சாயத்தைத் துடைத்தாள். முழுசாகத் துடைக்கவில்லை, பாதியிலேயே கை நின்றுவிட்டது. பென்சில் கோடு இப்போது நகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கரிய பட்டையாகக் கிடந்தது. நகம் நடுவில் பிளந்து மேலே தூக்கியிருந்தது. அது மட்டுமில்லை. நகத்தின் வேரில் இருக்கிற தோல், மை கசிந்த துணி மாதிரி கறுத்திருந்தது.

எத்தனை பேர் நகத்தைப் பார்த்தவள். ரத்தக்கட்டு முன்னால்தான் போகும். பின்னால் தோலுக்குள் வராது என்பது அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“செருப்பைப் போடு.”

“எங்கக்கா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“நாளைக்குக் கடையில சொல்லிட்டு…”

“எந்திரிடி!” என்று அக்கா போட்ட சத்தத்தில் கீழே சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம்.

தோல் மருத்துவர் இளம்பெண். சின்ன உருப்பெருக்கியை நகத்தின்மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “இது எப்போதிலிருந்து இருக்கு?” என்று கேட்டார். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா சொன்னாள். மருத்துவர் திட்டவில்லை. “வலிக்காது. அதனாலதான் யாரும் சீக்கிரம் வர்றதில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

புற்றுநோய். தோலில் வருகிற கரும்புற்று, நகத்தடியிலும் வருமாம். வீட்டில் உட்கார்ந்து எந்தத் தண்ணீரில் ஊறவைத்தாலும், எந்த மருந்தைத் தொட்டாலும் போகாத ஒன்று. விரலை எடுத்தார்கள். அறுவைக்கு முன்னால் கையெழுத்து வாங்க வந்த மருத்துவரிடம், “அப்ப செருப்பு ஒரு சைஸ் குறையுமா டாக்டர்?” என்று தங்கை கேட்டாள். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்கா மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பிய தங்கை, கட்டுப் போட்ட காலோடு கொஞ்ச நாள் கடைக்குக்கூடப் போய்வந்தாள். பிறகு தொடையிடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதற்கும் பிறகு இருமல். நெஞ்சைப் படம் பிடித்த அன்று ஆஸ்பத்திரி நடையில் தங்கை கணவர் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அண்ணி, அண்ணி என்று சுற்றிவந்த மனுஷன்.

“ரத்தக்கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா மாப்பிள்ளை.”

“ஊர்ல உள்ளவங்க காலுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தீங்க. கூடப்பிறந்தவ காலைப் பார்க்கத் தெரியலையா? உங்க பேச்சை நம்பித்தானே அவ சும்மா இருந்தா?”

நடையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வாயைத் திறந்தால் எதிராளியை உட்காரவைத்துவிடுகிறவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவள் ஆலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டிலேயே இருந்தாள். அவள் அறைக்குள் போனால் அவர் வெளியே வருவார். அவள் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். நடுவில் மகள்தான் தபால்காரி. “பெரியம்மா, மாத்திரை குடுத்தாச்சான்னு அப்பா கேக்குறார்.” “குடுத்தாச்சுன்னு சொல்லு கண்ணு.” மூன்று பேரும் ஒரே கூடத்தில் நின்றுகொண்டு இப்படி.

பின்னாளில் ஆலைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் எனக்குச் சொன்னது இது. ஒரு மத்தியானம், மகள் பள்ளிக்கும் அவர் வேலைக்கும் போயிருந்தார்கள். தங்கை மிச்ச விரல்களுக்குச் சாயம் பூசிவிடச் சொன்னாள். அக்கா காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கால் எலும்பாக இருந்தது. நகம் மட்டும் வழவழவென்று நன்றாக இருந்தது. பூசிக்கொண்டிருக்கும்போது தங்கை சொன்னாளாம்:

“அக்கா, அது அகலமாகிட்டு வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“சாயம் மாத்தும்போதெல்லாம் பார்த்தேன். உன்கிட்ட காட்டினா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. அங்க போனா ஏதாவது சொல்லிடுவாங்க. பயமா இருந்துச்சு. அதான் மேல மேல பூசினேன். நீ கேட்டப்ப போயிட்டே இருக்குன்னு பொய் சொன்னேன்.”

“ஏன்டி… ஏன்டி இப்படிப் பண்ண?”

“தெரியலக்கா. நாளைக்கு, நாளைக்குன்னு இருந்துட்டேன்.”

தூரிகையைப் புட்டியில் வைக்கவே அக்காவுக்கு வெகு நேரமானது. பிறகு, “மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டார். நீயே சொல்லு” என்றாள்.

“வேணாம்.”

“ஏன் வேணாம்? என்னை எப்படிப் பார்க்கிறார்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அவருக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும்க்கா. இல்லன்னா என்மேல கோபப்படுவார். நான் போனப்புறமும் பட்டுக்கிட்டே இருப்பார். நான் அதை வேணாம்னு நினைக்கிறேன். நீ தாங்கிக்குவ.”

சாகப்போகிறவள் கேட்கிறாள். அக்கா என்ன செய்வாள்? தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு மிச்ச விரலுக்கும் பூசினாளாம். “சாயம் வழிஞ்சு, சுண்டுவிரல்ல சதையெல்லாம் சிவப்பாயிடுச்சு. அதைக்கூடத் துடைச்சு விடல” என்று எனக்குச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் தங்கை போய்ச் சேர்ந்தாள். அவள் போன பிறகு அந்த வீட்டுக் கதவு அக்காவுக்குத் திறக்கவில்லை. சாத்தவும் இல்லை, அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆலைக்குத் திரும்பி வந்தவள் மீன் வெட்டினாள், வீட்டுக்குப் போனாள். யார் காலையும் தொடவில்லை. விவரம் தெரியாத புதுப்பெண் ஒருத்தி பெஞ்சில் காலை நீட்டி, “அக்கா, இதைக் கொஞ்சம்…” என்றபோது, “போய் டாக்டரைப் பாரு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எங்கள் நகங்கள் பழையபடி மஞ்சளாகத் தொடங்கின. அவளுடையதும்தான். காலுறை மாற்றுவதைக்கூட விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும். எதிர் அலமாரி என்னுடையது.

பிறகு என் காலில் உறைந்த மீன் பெட்டி ஒன்று விழுந்தது. நகம் கருநீலமாகிவிட்டது. உடை மாற்றும்போது அவள் கண்ணில் பட்டுவிட்டது. “செருப்பைப் போடு” என்றாள். “பெட்டி விழுந்ததுக்கா, எல்லாரும் பார்த்தாங்க” என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று என்னைத் தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் பார்த்துவிட்டு, “வெறும் ரத்தக்கட்டு, தானா சரியாயிடும்” என்றார். “நல்லாப் பாருங்கம்மா. தோல்ல வந்திருக்கா? அடியில கோடு இருக்கா?” என்று அவள் விடவில்லை. மருத்துவர் பொறுமையாக இன்னொரு முறை பார்த்தார். “ஒண்ணுமில்ல” என்றார். வெளியே வந்ததும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன். அவள் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தங்கை செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கை சொன்னதை அவள் பேருந்தில் எனக்குச் சொன்னது அதற்கு அடுத்த வாரம்தான்.

மறுபடி பெஞ்சில் உட்காரத் தொடங்கினாள். ஆனால் இப்போது வேறு ஆள். சிரிப்பு இல்லை, மேற்பார்வையாளரோடு வாயாடல் இல்லை. முதலில் சாயத்தைத் துடைக்கச் சொல்வாள். துடைக்காவிட்டால் தொடமாட்டாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பி, நகத்தடியையும் வேரையும் பார்த்துவிட்டுத்தான் நகவெட்டியை எடுப்பாள். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள். போய்வந்தவர்கள் யாருக்கும் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அவளை நகப் போலீஸ் என்கிறார்கள். அது அவள் காதுக்கும் போயிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் அறையில் இருந்தபோது தங்கை மகள் வந்தாள். வளர்ந்திருந்தாள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்கு இறுக்கமான ஷூ போட்டதில் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளைந்து குத்திக்கொண்டிருந்தது.

“யார் கூட வந்த?”

“அப்பா கீழ நிக்கிறார், பெரியம்மா.”

“மேல வரச் சொல்லு.”

“கேட்டேன். வரமாட்டாராம்.”

அக்கா தொட்டியை எடுத்து வைத்தாள். வெந்நீரில் பெண்ணின் காலை ஊறவைத்தாள். ஓரம் சிவந்து வீங்கியிருந்தது, சீழ் இல்லை. நகம் இளகியதும் துளிப் பஞ்சைத் திரித்து, குத்துகிற முனையை மெல்லத் தூக்கி அடியில் வைத்தாள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “அவ்வளவுதான் கண்ணு. தினமும் பஞ்சை மாத்தணும். நாளன்னைக்கும் வீங்கியிருந்தா டாக்டர்கிட்ட போயிடணும். அப்பாகிட்ட சொல்லிடு.” பிறகு மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு காலையும். ரொம்ப நேரம்.

பெண் இறங்கிப் போனதும் நான் சொன்னேன்: “இன்னும் எவ்வளவு காலத்துக்குக்கா? ஒரு வார்த்தை சொன்னா போதுமே. நான் வேணும்னா போய்ச் சொல்றேன்.”

“வாயைத் திறந்தா, அப்புறம் இந்தப் படியேறாதே” என்றாள்.

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் கடை வாசலில் அவர் நின்றிருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. மகளிடம் ஏதோ கேட்டார்; அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மேலே பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார்.

உள்ளே அவள், “அடுத்தது உன் காலை நீட்டு” என்றாள்.